கொல்லிமலைச் சாமையும் நமது கடமையும்

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியின் வள்ளன்மையும், மலையேறும் சாலையின் 70 கொண்டையூசி வளைவுகளும் நம் நினைவிற்கு வரும். நாமக்கல் மாவட்டத்தில் உள்ள இம்மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தாரைக் குறிக்கும் சொல்லன்று இது. இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்களே. சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் இவர்களின் பரம்பரைப் பயிர்கள்.

வானம் பார்த்த நிலத்தில், எருவும் மருந்தும் மிகுதியாக வேண்டாது விளையும் இத்தானியங்கள் அங்கேயே அருகி வந்தன. காரணங்கள் மூன்று. சேலம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்கை விலைகொடுத்து வாங்கியமையால், கையில் காசு தரும் அப்பயிர் சாமை விளைந்த சரிவுகளைப் பிடித்துக்கொண்டது. பங்கீட்டுக் கடை அரிசி மலிவாகக் கிடைத்தது. 2011 முதல் அது விலையின்றியே வழங்கப்படுகிறது. மூன்றாவது காரணம் பலர் கண்ணிற் படாதது, அதுவே உலக்கை.

சாமையின் உமி கடினமானது. ஒரு வேளை உலைக்கு வேண்டியதைக் குற்றிப் புடைப்பதற்கே பெண்கள் மணிக்கணக்கில் பாடுபட வேண்டும். வயலில் உழைத்துத் திரும்பிய தாய் உரலருகே நிற்பாளா, கழுவி உலையிலிடத்தக்க அரிசியை நாடுவாளா? விதை நாவிற்குச் சுவைக்காமல் மறையவில்லை. கை ஓய்ந்ததால் மறைந்தது.

இவ்வுண்மையை உணர்ந்து செயற்பட்டது, 1988இல் சென்னையில் தொடங்கப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். 2001இல் தொடங்கிய திட்டமொன்றில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியும் இதற்குக் கிடைத்தது. விதையைக் காக்க வேண்டுமாயின் முதலில் பெண்களின் தோள்வலியைப் போக்க வேண்டும் என்பதைக் கருத்திற்கொண்டு, மலையூர்களில் சிறு உமிநீக்கும் பொறிகள் நிறுவப்பெற்றன. அவற்றை இயக்கும் பொறுப்பு மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் வந்தது.

அதனைத் தொடர்ந்ததே பயிற்சி. சாமையைக் கல் நீக்கிச் சலித்து ரவையாக்குதல், தினையை மாவாக்குதல், கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி, உலர்த்தி, வறுத்து, சத்துமாவாக அரைத்தல் ஆகியவை அதில் அடங்கும். இவை நம் பாட்டிமார் அறிந்தவையே என்று தோன்றலாம். ஆயினும் வீட்டுக்குச் சமைப்பது வேறு. கடைக்குச் செய்வது வேறு. ஈரம் சிறிது எஞ்சினும் பூஞ்சணம் பிடிக்கும். தானியத்தின் முளைப்பகுதியில் எண்ணெய் இருப்பதால், அரைத்த மாவு நாள்பட்டால் சிக்குவாடை வீசும். ஆதலின் அளவாக அரைத்தல், காற்றுப் புகாமல் கட்டுதல், எடையும் தேதியும் பொறித்தல், கணக்கெழுதுதல் அனைத்தும் கற்பிக்கப்பட வேண்டியவையாயின. பின்னர் இக்குழுக்கள் கூட்டமைப்பாக இணைந்து தம் பொருள்களைச் சந்தைக்கு அனுப்பலாயின.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நகரத்தார் வெண்மையை விரும்பி, மிகத் தீட்டிய சாமையைக் கேட்கின்றனர். தீட்டத் தீட்டத் தவிட்டின் நார்ச்சத்தும் தாதுக்களும் போய்விடும். மற்றொன்று, விளைந்ததனைத்தையும் விற்றுவிட்டு மலைக் குழந்தைகள் வெறும் அரிசிச் சோறே உண்பாராயின், ஊருக்குப் பெருமையன்றி உடலுக்கு என்ன பயன்? 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவே. விளைவித்தவர் உலையிலும் சாமை வேக வேண்டும். அதற்குமேல் எஞ்சுவதே சந்தைக்கு வரவேண்டும்.

மும்பையில் வாழும் நமக்கு இதில் என்ன பங்கு? ஐக்கிய நாடுகள் அவை 2023ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஆண்டு கழிந்தது, அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. மராட்டிய அண்டைவீட்டார் கேழ்வரகை நாச்ணி என்று போற்றுகின்றனர். சாமையையொத்த சிறுமணியை வரீ, பகர் என்று உபவாச நாட்களில் உண்கின்றனர். நம்மவர் இல்லங்களிலோ, களியும் கூழும் உண்டு வளர்ந்த முதியோர் இருந்தும், அவை ஏழைமையின் அடையாளமெனக் கூசி ஒதுக்கப்படுகின்றன. இக்கூச்சம் அகல வேண்டும்.

மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள சகோதரிகள், இட்லிக்கு ஊறவைக்கும் அரிசியில் பாதியைக் குறைத்துச் சாமை சேர்த்துப் பார்க்கலாம். பொங்கலுக்கும் உப்புமாவுக்கும் அது நன்கு பொருந்தும். வாங்கும்போது வெளுத்ததை விடுத்துச் சற்றே பழுப்பு நிறமுடையதைக் கேளுங்கள். பத்துக் குடும்பங்கள் கூடி மகளிர் குழுவொன்றிடம் நேரே வரவழைத்தால், இடைத்தரகின் பங்கு உழைத்தவர் கைக்கே சேரும். தாராவியில் இட்லியும் முறுக்கும் செய்து பிழைக்கும் நம் பெண்மக்களுக்கும், ஈரம், எடை, தேதி, கணக்கு என்னும் அம்மலைப் பாடங்கள் அப்படியே பயன்படும்.

பயிற்சி கைத்தொழிலைத் தரும். அத்தொழிலை வாழவைப்பது வாங்குவோரின் ஆதரவே. மலையில் உலக்கை ஓய்ந்தது. சாமையும் ஓய்ந்துவிடாமல் காப்பது நம் அடுப்படியின் கையில் இருக்கிறது.