சாகவிடத் துணிந்த படம்

1992இல் வெளிவந்த 'ஏலியன் 3' மீது ரசிகர்கள் இன்றளவும் சுமத்தும் முதற்குற்றம், அதே தொடரின் 1986ஆம் ஆண்டுப் படத்தில் நாயகி ரிப்ளி தன் உயிரைப் பணயம் வைத்து மீட்ட சிறுமி நியூட்டையும் உடன் தப்பிய படைவீரன் ஹிக்ஸையும் அது தொடக்கத்திலேயே கொன்றுவிட்டது என்பதாகும். குற்றச்சாட்டு மெய்யே, எனினும் படத்தின் வலிமையும் அந்தத் துணிவிலிருந்தே பிறக்கிறது.

ஈய உலையைக் காத்தபடி, உலக முடிவை எதிர்நோக்கும் கிறித்தவ நம்பிக்கையைத் தழுவி வாழும் கொடுங்குற்றவாளிகளின் சிறையான ஃபியோரினா 161 என்னும் கோளில் துப்பாக்கி ஒன்றுகூட இல்லை. இறந்த இருவரின் உடல்களும் உலையில் இடப்பட, கைதிகளின் தலைவன் இரங்கலுரை நிகழ்த்தும் அதே வேளையில் கொடிய வேற்றுலக உயிரி ஒரு விலங்கின் உடலைக் கிழித்துக்கொண்டு பிறப்பது, இரண்டு இடங்களின் காட்சிகளை மாறிமாறி அடுக்கும் இணைவெட்டு முறையில் காட்டப்படுகிறது. சாவுக்கு இத்தனை மரியாதை செய்த பகுதி இத்தொடரில் வேறில்லை. முடிவில், இனத்தைப் பெருக்கும் அரசி உயிரி தன் உடலுக்குள் கருவாக வளர்வதை அறிந்த ரிப்ளி, அதை அகற்றி உயிர் காப்பதாக, உயிரியைக் கைப்பற்றத் துடிக்கும் நிறுவனம் தரும் வாக்கை நம்ப மறுத்து உலையில் விழுந்து மாய்கிறாள்.

திரைக்கதை முற்றுப்பெறுமுன் படப்பிடிப்பு தொடங்கியதும், இயக்குநரே படத்தைத் தமதென ஏற்காததும் மறுக்க இயலாதவை. 2003இல் வெளியான, ஏறத்தாழ அரை மணி நேரம் நீண்ட பதிப்பு சில குறைகளை நீக்கியது.

கவலைக்குரியது அதற்குப் பின் நேர்ந்ததே. தொடரின் 1997ஆம் ஆண்டுப் படம், ஓர் உயிரின் மரபுப் பொருளிலிருந்து அதன் நேர்ப்படியை உருவாக்கும் படியாக்க முறையால் ரிப்ளியை மீட்டுக்கொண்டது. கதைமாந்தரை எழுப்பிய பழக்கம் பின்னர் நடிகர்களையும் தொட்டது: 1994இல் மறைந்த நடிகரின் முகம் 2016இல் 'ரோக் ஒன்' படத்திலும், 2020இல் மறைந்தவரின் முகம் 2024இல் 'ஏலியன்: ரோமுலஸ்' படத்திலும் கணினியின் துணையோடு மீண்டும் தோன்றின. உரியவர்களின் இசைவோடுதான் இவை செய்யப்பட்டன என்பர். ஆயினும், மாண்டவர் எவரும் அடுத்த பாகத்தில் மீளலாம் என்னும் உறுதி கிடைத்தபின், திரையில் தோன்றும் ஆபத்துக்கு அஞ்சவோ இழப்புக்கு வருந்தவோ பார்வையாளருக்குக் காரணம் எஞ்சுவதில்லை. தியாகம் என்பதும் பொருளற்றுப் போகிறது.

நெடுந்தொடர் ஒன்று தன் நாயகியைச் சாகவிட்டு, அச்சாவை அவளது சொந்த முடிவாகவும் ஆக்கியது அரிதான நேர்மை. குறைகள் மலிந்த படமே ஆயினும், ரிப்ளியின் கதைக்குத் தகுந்த முடிவு 'ஏலியன் 3' தந்ததுதான்.