உங்களுக்குத் தெரியுமா? தளை தட்டும் இடம்

பூந்தமல்லியைத் தாண்டியதும் வருகிற திருமழிசையில் பிறந்தவர் திருமழிசை ஆழ்வார். அவர் பாடிய நான்முகன் திருவந்தாதியில் 96 வெண்பாக்கள். ஒரு பாட்டின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த பாட்டு தொடங்கும். முதல் பாட்டின் தொடக்கம் ‘நான்முகனை’. 96-ஆவது பாட்டின் முடிவு ‘நான்’. வட்டம் கூடிவிட்டது! நடுவில் ஓர் ஓலை தொலைந்தால், ஒட்டாத இரண்டு முனைகளே எங்கே விடுபட்டது என்று காட்டிக்கொடுக்கும்.

கணினியில் தரவுக் கோப்பைப் படித்துப் பிரிக்கும் ‘பார்சர்’ செய்வதும், எல்லாம் சரியாகப் பொருந்துகிறதா என்கிற இந்தச் சோதனைதான். 1998-இல் வந்த எக்ஸ்எம்எல் என்ற தரவு வடிவத்தின் விதி கறாரானது: திறந்த குறியை மூடாமல் விட்டால், பார்சர் அதற்குமேல் வழக்கம்போல் படிக்கக் கூடாது. ஜேசான் என்ற இன்னொரு வடிவத்தில் பட்டியலின் கடைசியில் ஒரு காற்புள்ளி மிஞ்சினாலும் பிழை. எச்டிஎம்எல் பக்கம் என்றால் பிரவுசர் விட்டுக்கொடுத்துப் படித்துவிடும்.

வெண்பா விட்டுக்கொடுக்காது. ஈற்றடியில் மூன்று சீர், மற்ற அடிகளில் நான்கு. சீரை ஆக்கும் அசைகள் நேர், நிரை என இருவகை; அவை சேரும் விதத்தைப் பொறுத்துச் சீர்களில் மா, விளம், காய், கனி என வகைகள் உண்டு. மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும். விளத்துக்கும் காய்க்கும் பின் நேர். கனிச்சீருக்கு இடமே இல்லை. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு ஆகிய நான்கில் ஒன்று.

‘நல்ல நிலவு’ என்று எழுதிப் பாருங்கள். ‘நல்ல’ தேமா, ‘நிலவு’ நிரையில் தொடங்குகிறது. சரி. ‘நல்ல காற்று’ என்று மாற்றினால் மாவுக்குப் பின் நேர் வந்துவிட்டது. சீருக்கும் சீருக்கும் இடையிலான இந்தக் கட்டுக்குத் தளை என்று பெயர். உடனே புலவர் சொல்வார்: “இங்கே தளை தட்டுகிறது.” எத்தனை அழகான பிழைச்செய்தி! எந்த இரண்டு சீருக்கு நடுவில், எந்த விதி உடைந்தது என்பது வரை அதில் இருக்கிறது. திருத்த வேறென்ன வேண்டும்?

விதிகள் இவ்வளவு தெளிவாக இருப்பதால், வெண்பாவை நிரல்மொழிகளைப் போலவே கணினி இலக்கணமாக எழுதி, 2003-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஒரு கட்டுரை படைத்தார்கள். வினோத் ராஜன் உருவாக்கிய ‘அவலோகிதம்’ மென்பொருளில் பாட்டை இட்டால் அசை, சீர், தளை, தொடை எல்லாவற்றையும் பிரித்துக் காட்டும்.

ஆன்லைன் படிவத்தை ஒரு மணி நேரம் நிரப்பி முடித்ததும் ‘தவறான உள்ளீடு’ என்று மட்டும் வரும்போது வயிறு எரிகிறது. மென்பொருள் எழுதும் தம்பி, தங்கைகளே, கறாராக இருங்கள். ஆனால் எந்த வரியில், எந்த எழுத்தில் தட்டுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.