சுதந்திரத்துக்கு முன்னாடியே சொந்தப் பணம்... பழைய ‘கினா’ நோட்டு வாங்கப் போறீங்களா? இதைத் தெரிஞ்சுக்கோங்க!

ஒரு நாடு சுதந்திரம் அடையும், அப்புறம்தான் சொந்தப் பணம் அச்சடிக்கும். இதுதான் வழக்கம். ஆனா பசிபிக் தீவு நாடான பப்புவா நியூ கினியா இதைத் தலைகீழா செய்தது. 1975 செப்டம்பர் 16-ல் சுதந்திரம். ஆனால், அதற்குச் சுமார் 5 மாதங்கள் முன்பே, ஏப்ரல் 19-ல், ‘கினா’ என்ற சொந்தப் பணம் மக்கள் கைக்கு வந்துவிட்டது.

அந்த முதல் நோட்டுகளைத்தான் பணத்தாள் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கு? வாங்கும்போது எங்கே ஏமாற வாய்ப்பு இருக்கு? பார்க்கலாம்.

ஏன் அவ்வளவு அவசரம்?

அதுவரை அங்கே ஆஸ்திரேலியாவின் ஆட்சி, புழக்கத்திலும் ஆஸ்திரேலிய டாலர்தான். 1973 டிசம்பரில் உள்நாட்டுத் தன்னாட்சி கிடைத்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே மத்திய வங்கி தொடங்கப்பட்டிருந்தது. கொடி ஏறும் நாளில் மக்கள் கையில் வேறு நாட்டுப் பணம் இருக்கக் கூடாது என்பதுபோல அடுத்தடுத்த வேலைகள் நடந்தன.

ஒரு கினாவுக்கு ஒரு ஆஸ்திரேலிய டாலர் என்பதுதான் தொடக்க மதிப்பு. மக்கள் பழகுவதற்காக 1975 கடைசி வரை இரண்டு பணமும் செல்லும் என்று அவகாசம் கொடுத்தார்கள்.

‘கினா’ன்னா என்ன?

கிளிஞ்சல்! பளபளக்கும் முத்துச் சிப்பியின் ஓட்டுக்குத்தான் கினா என்று பெயர். ரபாவுல் பகுதியில் வாழும் டோலாய் மக்களின் மொழியிலிருந்து வந்த சொல் இது. நம்ம ஊர் பைசா மாதிரி அங்கே ‘டோயா’. 100 டோயா ஒரு கினா. டோயா என்பதும் கிளிஞ்சலில் செய்த கைவளைதான். அது போர்ட் மோர்ஸ்பி பக்கம் பேசப்படும் மோட்டு மொழிச் சொல். பெண் வீட்டுக்குப் பரிசமாகக் கொடுத்த பொருள் அது.

மலைப்பகுதிகளில் பிறை வடிவில் வெட்டிய கினா சிப்பிதான் சொத்து. கடலோரத்திலிருந்து கை மாறி மாறி மலையேறி வரும் என்பதால் அதற்கு அத்தனை மதிப்பு. 1930-களில் தங்கம் தேடிப் போன ஆஸ்திரேலியர்கள், இதே சிப்பிகளை விமானத்தில் கொண்டுபோய்க் கூலியாகக் கொடுத்தார்கள். வரத்து கூடியதும் சிப்பியின் மதிப்பு இறங்கிவிட்டது. பணவீக்கம் என்ற சொல் தெரியாமலேயே அந்த மக்கள் அதை அனுபவித்தார்கள்.

அந்தப் பெயரையே புது நாட்டின் பணத்துக்கு வைத்ததால், மக்களுக்குப் புதுசாக எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நோட்டில் யார் படம்?

யார் படமும் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் எலிசபெத் ராணிதான் அந்நாட்டின் அரச தலைவராக இருந்தார். ஆனாலும் முதல் கினா நோட்டுகளில் அவர் முகம் இல்லை. முன்பக்கம் சொர்க்கப் பறவை, ஈட்டி, குண்டு மேளம் சேர்ந்த தேசியச் சின்னம். பின்பக்கம் பழங்குடி மக்களின் பாரம்பரியப் பொருட்கள்.

1975-ல் வந்தவை 2, 5, 10 கினா என மூன்று நோட்டுகள் மட்டுமே. ஒரு கினா, நடுவில் ஓட்டை போட்ட நாணயம். 20 கினா நோட்டு 1977-ல்தான் வந்தது. அதன் பின்பக்கம் பன்றியின் தலை இருக்கும். அங்கே பன்றியும் ஒரு செல்வம்! மனித முகம் வர 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் பிரதமர் மைக்கேல் சோமாரே 50 கினா நோட்டில் இடம்பிடித்தார்.

பக்கத்துத் தீவுகள் வேறு வழியில் போயின. சாலமன் தீவுகள் 1977-ல் சொந்த டாலர் வெளியிட்டபோது அதில் ராணி படம் இருந்தது. 1980-ல் சுதந்திரம் பெற்ற வனுவாட்டு, ‘கல்’ என்று பொருள்படும் ‘வாட்டு’ என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தது.

முதல் நோட்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேதான் கவனம் தேவை. இந்த நோட்டுகளில் ஆண்டு அச்சிடப்படவில்லை. அதே போன்ற வடிவமைப்பில் பிறகும் நோட்டுகள் வந்தன. அதனால் பின்னாளில் வந்ததைக் காட்டி ‘1975 நோட்டு’ என்று யார் வேண்டுமானாலும் விற்கலாம்.

* கையெழுத்து: முதல் நோட்டுகளில் இருப்பவை மத்திய வங்கியின் முதல் கவர்னர் ஹென்றி டோராபர்ட், நிதித்துறைச் செயலாளர் மெக்கெரே மொராவ்டா ஆகியோரின் கையெழுத்துகள். மொராவ்டா பிற்காலத்தில் பிரதமரே ஆனார். இந்த ஜோடி இல்லையென்றால் அது முதல் வெளியீடு இல்லை. இருந்தாலும் அது மட்டும் போதாது.

* கேட்டலாக் எண்: உலகம் முழுக்க ‘பிக்’ எண்ணை வைத்துத்தான் பேசுவார்கள். 2, 5, 10 கினாவுக்கு முறையே 1, 2, 3. 1977-ன் 20 கினாவுக்கு 4. விற்பவரிடம் முதலில் இந்த எண்ணைக் கேளுங்க. கேட்டலாக்கில் உள்ள படத்தோடும் விவரத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்க.

* தாள்: முதல் நோட்டுகள் காகிதம். 1991-ல் தெற்கு பசிபிக் விளையாட்டுப் போட்டிக்காக வந்த 2 கினாதான் அந்நாட்டின் முதல் பாலிமர் நோட்டு. பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் அது 1975 நோட்டாக இருக்கவே முடியாது.

விலை எதைப் பொறுத்தது?

பழசு என்பதால் மட்டும் விலை கூடாது. நிலைதான் முக்கியம். மடிப்பே இல்லாத, புழக்கத்துக்குப் போகாத நோட்டுக்கும், அதே நோட்டின் கசங்கிய பிரதிக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம் வரும். துவைத்து, இஸ்திரி போட்டுப் புதுசு மாதிரி காட்டுபவர்களும் உண்டு. அப்படிப்பட்ட தாளில் மொடமொடப்பு போயிருக்கும், நிறம் மங்கியிருக்கும்.

முக மதிப்பை நம்பியும் வாங்காதீங்க. 1994-ல் கினாவின் மாற்று விகிதத்தைச் சந்தையிடமே விட்டார்கள். ஆஸ்திரேலிய டாலருக்குச் சமமாகத் தொடங்கிய பணம், இன்று அதைவிட ரொம்பக் கீழே இருக்கிறது.

இன்னொரு விஷயம். ‘உங்ககிட்ட இருக்கிற பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தர்றோம், முதல்ல கமிஷன் கட்டுங்க’ என்று யாராவது கேட்டால் உடனே விலகிடுங்க. தங்கள் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது.

எப்படிப் பாதுகாப்பது?

பி.வி.சி. கவர் வேண்டாம். நாளடைவில் அது ஒட்டிக்கொண்டு தாளைக் கெடுக்கும். பாலியெஸ்டர் கவரில் வைத்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்க. செல்லோ டேப், லேமினேஷன் இரண்டும் கூடவே கூடாது.

முதல்முறை வாங்குபவர்கள் 2 கினாவிலிருந்து தொடங்கலாம். முன், பின் இரண்டு பக்கமும் தெளிவான படம், பிக் எண், திருப்பி அனுப்பும் வசதி... இந்த மூன்றும் இல்லாத விற்பனையாளரிடம் பணம் கட்டாதீங்க.