நெருப்பில்லாமல் ஒரு வெள்ளி டாலர்

காங்கேயம் பக்கம் கிடைக்கும் சந்திரகாந்தக் கல் ஒன்று, மெருகேற்றியது, உங்களிடம் இருக்கிறதா? பற்றவைக்காமல், பசை தொடாமல், வெறும் வெள்ளிக் கம்பியாலேயே அதை டாலராக்கிவிடலாம்.

அடி தட்டையாக, மேல் குவிந்த கல்தான் புதியவர்களுக்கு ஏற்றது. நூலால் அதன் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். 25 மில்லிமீட்டர் நீளமுள்ள நீள்வட்டக் கல் என்றால் சுற்று ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் வரும். 0.8 மில்லிமீட்டர் கம்பியில் 15 சென்டிமீட்டர் துண்டுகள் மூன்று வெட்டி, பக்கம் பக்கமாக வைத்து, மெல்லிய கம்பியால் மூன்று இடங்களில் கட்டுங்கள். இந்தப் பட்டையைக் கல்லைச் சுற்றி வளைத்து, நுனிகளை உச்சியில் முறுக்கி, சங்கிலி கோக்க ஒரு வளையம் விடுங்கள்.

இனிதான் கைவேலை. கட்டுகளுக்கு இடையே முன்கம்பியை நான்கு இடங்களில் கல்லின் மேல் லேசாக இழுத்து மடக்குங்கள். பின்கம்பியையும் அப்படியே அடிப்பக்கம் மடக்குங்கள். நடுக்கம்பி விளிம்போடு நிற்கும். கல் அசையாது.

வெள்ளியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் இறுகி, பட்டென்று முறிந்துவிடும். தூய வெள்ளி மென்மையானது, 92.5 சதவீத வெள்ளி, பெரும்பாலும் செம்பு கலந்தது, பிடிப்பு கூடுதல். குறட்டின் பல் தழும்பு விழாமலிருக்க அதன் வாயில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு டாலர்களைச் செம்புக் கம்பியில் செய்து பாருங்கள். வெள்ளி விலை தெரியுமல்லவா!