செல்போன் கேமராவில் மெனு கார்டு படங்கள்

சிறிய ஹோட்டல்களின் மெனு கார்டில் உள்ள படங்கள் பலவும் இணையத்தில் இருந்து இறக்கியவைதான். என் சித்தப்பாவின் மெஸ்ஸிலும் அதே கதை. டிசைன் செய்தவர் எங்கிருந்தோ எடுத்துப் போட்ட நெய் ரோஸ்ட் கூம்பு வடிவில் நிமிர்ந்து நின்றது. எங்கள் கல்லில் வருவதோ சுருட்டிய ரோஸ்ட். “படத்துல இருக்கறது எங்கே சார்?” என்று கேட்டவர்களுக்குச் சித்தப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. அனுமதியின்றி அடுத்தவர் படத்தை அச்சிடுவது காப்புரிமைச் சிக்கலும்கூட. புதிதாக 500 கார்டு அடிக்க அவர் பணத்தை எடுத்து வைத்தபோது, படங்களை நானே எடுத்துத் தருவதாகச் சொன்னேன். நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். போட்டோகிராபி படித்தவன் அல்ல. கையில் இருந்தது 12 மெகா பிக்ஸல் செல்போன் மட்டுமே. அது தாராளமாகப் போதும்.

கேமராவை விட முக்கியம் வெளிச்சம். முதலில் ஹோட்டலின் எல்லா விளக்குகளையும் அணைத்து விடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் கலந்தால் இட்லியின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சையாகவும் தெரியும். இரண்டு நிற ஒளியை ஒரே ஒயிட் பேலன்ஸால் சரி செய்ய முடியாது. நேரடி வெயில் விழாத ஜன்னலோரமாக மேஜையைப் போடுங்கள். வெயில் விழுந்தால் வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டலாம். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் நிழலின் கருமை குறையும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். சால்னாவில் மிதக்கும் எண்ணெய் வெள்ளைத் திட்டாகப் பளபளக்கும்.

இட்லியில் இன்னொரு வேடிக்கை. படம் முழுவதும் வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று எண்ணி கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கி விடும். எக்ஸ்போஷரை +0.7 அல்லது +1 வரை உயர்த்துங்கள். தயிர் சாதத்துக்கும் இதே வைத்தியம்தான்.

அடுத்தது வேகம். ரோஸ்ட் ஐந்து நிமிடத்தில் துவண்டு விடும், ஃபில்டர் காபியின் நுரை அதற்கும் முன்பே அடங்கி விடும். எனவே முதலில் ஒரு பழைய தோசையைத் தட்டில் வைத்து கோணம், ஃபோகஸ் எல்லாவற்றையும் முடிவு செய்தேன். செல்போனைப் புத்தக அடுக்கின் மேல் நிறுத்தி, 2 விநாடி டைமர் வைத்தால் கை நடுக்கம் படத்தில் தெரியாது. பிறகுதான் சூடான தோசைக்குக் குரல் கொடுத்தேன். “எடுத்துட்டியாடா? ஆறுது பாரு!” என்று சித்தப்பா அடுக்களை வாசலிலேயே நின்றார். பத்து கிளிக். வேலை முடிந்தது.

வாழையிலைச் சாப்பாட்டை நேர் மேலிருந்து எடுங்கள். பரோட்டா அடுக்கைப் பக்கவாட்டில் எடுத்தால்தான் மடிப்புகள் தெரியும். விளம்பரப் படங்களில் பாலுக்குப் பதில் பசை ஊற்றும் வித்தைகள் உண்டு. மெனு கார்டில் அது கூடாது என்பது என் கருத்து. சாம்பாரில் மூழ்கிய முருங்கைக்காயைக் கரண்டியால் மேலே தூக்கி வைக்கலாம். பரிமாறும் அளவுக்கு மேல் ஒரு துண்டு கூடச் சேர்க்காதீர்கள்.

இனி கம்ப்யூட்டர் வேலை. ஒரு படத்தில் மட்டும் தட்டின் அருகே வெள்ளைக் காகிதம் ஒன்றை வைத்து எடுங்கள். இலவச மென்பொருளான ஜிம்ப்பில் கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் சென்று, கிரே பாயிண்ட் பிக்கரால் அந்தக் காகிதத்தில் கிளிக் செய்தால் நிறம் சரியாகும். அச்சுக்கு அங்குலத்திற்கு 300 பிக்ஸல் தேவை. 3 அங்குல அகலப் படத்துக்கு 900 பிக்ஸல் போதும். நம் கேமரா தருவதோ 4000 பிக்ஸல்.

திரையில் பளிச்சிடும் வாழையிலைப் பச்சை, நான்கு மைகளில் அச்சாகும்போது சற்று மங்கும். அதனால் 500 கார்டுக்கு முன் ஒரே ஒரு கார்டு அடித்துப் பார்த்தோம். இலை கறுத்திருந்தது, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி மீண்டும் அனுப்பினேன். அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். இல்லையேல் படம் சுருங்கித்தான் போய்ச் சேரும்.