பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல்: வேட்பாளர் என்ன சாதி, ஆணா பெண்ணா என்று பார்த்து ஓட்டுப் போடலாமா?

மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று பெயர் பெற்ற திருவாதவூர், மதுரை மாவட்டம் மேலூர் தாலுகாவில் இருக்கிறது. ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடக்கும் நாளில் இந்த ஊர் வாக்காளர் கையில் 4 ஓட்டு இருக்கும். வார்டு உறுப்பினருக்கு ஒன்று, பஞ்சாயத்துத் தலைவருக்கு ஒன்று, ஒன்றியக் கவுன்சிலருக்கு ஒன்று, மாவட்டக் கவுன்சிலருக்கு ஒன்று.

இதில் தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டில்தான் சிக்கலே. அதில் கட்சிச் சின்னம் கிடையாது. நிற்பவர் யார், அவர் அப்பா யார், எந்தத் தெரு என்று எல்லாருக்கும் தெரியும். சென்னையிலோ பெங்களூரிலோ ஐ.டி. வேலையில் இருப்பவருக்குக்கூட குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் "நம்மாளு நிக்கிறாரு, வந்து போட்டுட்டுப் போ" என்று மெசேஜ் வந்துவிடும்.

அந்த "நம்மாளு" என்ற சொல்லுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்? வேட்பாளரின் சாதியோ பாலினமோ ஓட்டைத் தீர்மானிக்கலாமா? அமெரிக்காவில் ஒபாமா, ஹிலாரி, கமலா ஹாரிஸ் நின்றபோதெல்லாம் எழுந்த கேள்விதான் இது. ஆனால் இதற்கு மேலூர் தாலுகா கொடுத்த விலை மிகப் பெரியது.

மேலவளவில் என்ன நடந்தது?

1996-ல் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கப்பட்டது. மேலூர் தாலுகாவில் இருக்கும் மேலவளவு பஞ்சாயத்தின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஊரில் ஆதிக்கம் செலுத்திய சமூகத்தினர் இதை ஏற்கவில்லை. மனுத் தாக்கல் செய்தவர்கள் மிரட்டலுக்குப் பயந்து வாபஸ் வாங்கினார்கள். அடுத்த முறை தேர்தல் நடந்தபோது ஓட்டுப் பெட்டிகள் பறிக்கப்பட்டன. கடைசியில் 1996 டிசம்பர் 31 அன்று, போலீஸ் பாதுகாப்போடு வாக்குப்பதிவு நடந்தது. முருகேசன் தலைவரானார்.

ஆறு மாதம்தான். 1997 ஜூன் 30 அன்று மதுரை கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விட்டு பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த அவரையும் உடன் வந்தவர்களையும் ஒரு கும்பல் வழிமறித்தது. முருகேசனோடு சேர்த்து 6 பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2001-ல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. அவர்களில் 3 பேர் 2008-லும், 13 பேர் 2019 நவம்பரிலும் தண்டனைக் காலம் முடியும் முன்பே அரசால் விடுவிக்கப்பட்டார்கள்.

கொஞ்சம் தேதிகளைப் பாருங்கள். இந்தக் கொலை நடந்த 25-வது நாள், 1997 ஜூலை 25 அன்று, கே.ஆர்.நாராயணன் இந்தியாவின் முதல் தலித் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் போட்ட ஓட்டில் சுமார் 95 சதவீதம் அவருக்குக் கிடைத்தது. ஒரு தலித் நாட்டுக்குத் தலைவராவதில் பெரிய தகராறு எதுவும் இல்லை. ஒரு கிராமத்துக்குத் தலைவரானதற்கு உயிர் போனது.

காரணம் புரியாதது இல்லை. டெல்லியில் இருக்கும் குடியரசுத் தலைவர் உங்கள் கண்மாய்க் குத்தகையிலோ தெருக் குழாயிலோ தலையிடப்போவதில்லை. பஞ்சாயத்துத் தலைவர் தலையிடுவார்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி: பத்து வருஷம் தலைவரே இல்லை

உசிலம்பட்டி பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு பஞ்சாயத்துகளில் இன்னொரு வழி பின்பற்றப்பட்டது. தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதும், யாரையும் மனுத் தாக்கல் செய்ய விடாமல் தடுப்பது. இல்லாவிட்டால் தாங்களே ஒருவரை நிறுத்தி, ஜெயித்த கையோடு ராஜினாமா செய்ய வைப்பது. 1996-லிருந்து 2006 வரை இதுதான் கதை. 2006 அக்டோபரில்தான் நான்கிலும் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். அப்போது மதுரை கலெக்டராக இருந்தவர் த.உதயச்சந்திரன். 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கிராம சபைக் கூட்டத்துக்குப் போனது இதே பாப்பாபட்டிக்குத்தான்.

ஒதுக்கீடு என்றால் யார் நிற்கலாம், யார் ஓட்டுப் போடலாம்?

பலருக்கும் குழப்பம் இருக்கும் இடம் இது. சிம்பிளாக:

- 73-வது அரசியல் சாசனத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று அமலுக்கு வந்தது. தலைவர் பதவிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மாநில மக்கள்தொகையில் அவர்கள் இருக்கும் விகிதத்துக்கு ஏற்ப ஒதுக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் சுமார் 20 சதவீதம். அதாவது ஐந்தில் ஒரு பதவி.
- பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. தமிழ்நாடு 2016-ல் இதைப் பாதியாக, அதாவது 50 சதவீதமாக உயர்த்தியது.
- ஒதுக்கப்பட்ட பதவிக்கு நிற்பவர்தான் அந்தப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஓட்டு ஊரில் உள்ள எல்லாருக்கும் உண்டு.
- ஒதுக்கீடு சுழற்சி முறையில் மாறும். ஒரே ஊர் நிரந்தரமாக ஒதுக்கீட்டில் இருக்காது.

மூன்றாவது பாயின்ட்டை இன்னொரு தடவை படியுங்கள். பட்டியல் சாதியினருக்கான பஞ்சாயத்தில் நிற்கும் எல்லாரும் பட்டியல் சாதியினர். பெண்களுக்கான பஞ்சாயத்தில் நிற்கும் எல்லாரும் பெண்கள். அங்கே எஞ்சியிருப்பது யார் வேலை செய்வார் என்ற கேள்வி மட்டும்தான் என்று தோன்றும். நடைமுறையில் வேறொரு கேள்வி நுழைகிறது: "யார் நாம சொல்றதைக் கேட்பாங்க?" மேலவளவில் எதிர்ப்பு வந்தது இந்தக் கேள்வியிலிருந்துதான்.

"ஆளைப் பார், சாதியைப் பார்க்காதே" என்பவர்கள் வாதம்

தலைவர் என்பவர் ஊர் முழுக்கவுக்கும் பொது. குப்பை அள்ளுவதற்கும் தெருவிளக்கு போடுவதற்கும் சாதி எதற்கு? சொந்த சாதிக்காரர் என்பதற்காகவே ஓட்டுப் போட்டால் அவர் நம்மிடம் எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை, எப்படியும் நம் ஓட்டு அவருக்குத்தான் என்று அவருக்குத் தெரியும். பெண் என்பதற்காக மட்டும் ஓட்டுப் போட்டால், கடைசியில் கையெழுத்து மட்டும் அவருடையதாக இருக்கும், ஆட்சி வீட்டுக்காரருடையதாக இருக்கும்.

இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. "தலைவரம்மா" வீட்டில் இருக்க, அவர் கணவர் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் காட்சி தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் புதிதல்ல. ஆய்வுப் பக்கத்திலும் இதற்கு ஆதரவு உண்டு. நார்வே ஆய்வாளர் ஃபிரான்செஸ்கா ஜென்செனியஸ் இந்தியாவின் தனித் தொகுதிகளையும் பொதுத் தொகுதிகளையும் ஒப்பிட்டார். 2001 வரையிலான முப்பது வருட காலத்தில், தனித் தொகுதி என்பதாலேயே அங்குள்ள பட்டியல் சாதி மக்களின் வாழ்க்கை மற்ற தொகுதிகளைவிட முன்னேறியதாக அவருக்குத் தெரியவில்லை.

"அடையாளமும் முக்கியம்" என்பவர்கள் வாதம்

ஒருவர் எங்கே வளர்ந்தார், எந்தக் குழாயடியில் நின்றார் என்பது அவர் எதைப் பிரச்சினையாகப் பார்க்கிறார் என்பதை மாற்றும். இதற்கும் ஆதாரம் இருக்கிறது.

ராகபேந்திர சட்டோபாத்யாயாவும் எஸ்தர் டுஃப்ளோவும் மேற்கு வங்காளத்திலும் ராஜஸ்தானிலும் 265 பஞ்சாயத்துகளை ஆராய்ந்து 2004-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சாயத்துகளில் குடிநீருக்கு அதிக முதலீடு நடந்திருந்தது. தண்ணீர் பற்றி அதிகம் முறையிடுவதும் பெண்கள்தான். டுஃப்ளோ 2019-ல் பொருளாதார நோபல் பெற்றவர்.

மதுரைக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வில்லாபுரத்தில் குடிநீருக்காகப் போராடிய மாநகராட்சி கவுன்சிலர் லீலாவதி 1997 ஏப்ரல் 23 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். மேலவளவுக்கு இரண்டு மாதம் முன்பு.

மேற்கு வங்காளத்தின் 495 கிராமங்களில் நடந்த இன்னொரு ஆய்வு 2012-ல் வந்தது. இரண்டு முறை தொடர்ந்து பெண் தலைவரைப் பார்த்த ஊர்களில், ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இடையே எதிர்காலக் கனவுகளில் இருந்த இடைவெளி சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மும்பை மாநகராட்சியில் ரிகில் பவ்னானி பார்த்தது இன்னும் சுவாரஸ்யம்: முந்தைய தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, பிறகு பொதுவாக மாறிய வார்டுகளில் பெண் ஜெயிக்கும் வாய்ப்பு மற்ற வார்டுகளைப்போல சுமார் ஐந்து மடங்கு. ஒரு தடவை பார்த்துப் பழகிவிட்டால் மக்கள் அடுத்த தடவை தயங்குவதில்லை.

அமெரிக்காவில் இருந்து ஒரு பாடம்

2024 நவம்பரில் கமலா ஹாரிஸ் ஜெயிக்க வேண்டும் என்று திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் பூஜை நடந்தது. அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊர் அது. அந்த மக்களுக்கு ஓட்டு இல்லை, பாசம் இருந்தது, அதில் தப்பில்லை. ஆனால் ஓட்டு உள்ள அமெரிக்கர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். கறுப்பினப் பெண், இந்திய வம்சாவளி என்ற அடையாளம் மட்டும் வெற்றி தேடித் தரவில்லை. அதேசமயம், அமெரிக்காவில் இதுவரை ஒரு பெண்கூட அதிபரானதில்லை என்பதும் உண்மை. தகுதி மட்டுமே அளவுகோலாக இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் ஒருவர்கூடவா தேறியிருக்க மாட்டார்?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "அடையாளத்தைப் பார்க்காதீர்கள்" என்ற அறிவுரை வழக்கமாக ஒரு பெண்ணோ தலித்தோ நிற்கும்போதுதான் கேட்கிறது. காலங்காலமாக ஒரே சாதி ஆண்களே தலைவராக இருந்த ஊர்களிலும் அடையாளம் பார்த்துத்தான் ஓட்டு விழுந்தது. அதற்கு யாரும் அப்படிப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாக்காளர் எந்தக் காரணத்துக்காக ஓட்டுப் போட்டார் என்று யாரும் கேட்க முடியாது. ரகசிய வாக்கின் அர்த்தமே அதுதான். கட்டுப்பாடு ஓட்டுக் கேட்பவருக்கு.

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கான 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவின்படி மதம், இனம், சாதி, சமூகம், மொழி பேரில் ஓட்டுக் கேட்பது முறைகேடு. 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு, 4-க்கு 3 என்ற கணக்கில், வாக்காளரின் அடையாளத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. இந்தப் பட்டியலில் பாலினம் இல்லை.

மேலவளவில் நடந்தது போன்றவற்றுக்குத் தனிச் சட்டமும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளரை மனுத் தாக்கல் செய்ய விடாமல் தடுப்பதும், வாபஸ் வாங்க வைப்பதும் குற்றம். 2016-ல் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஜெயித்த தலைவரை வேலை செய்ய விடாமல் தடுப்பதும் தண்டனைக்குரியது.

ஆனாலும் 2020 சுதந்திர தினத்தில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் ஒருவர் தேசியக் கொடி ஏற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். சில நாள் கழித்து அதிகாரிகள் வந்து அவரை ஏற்ற வைத்தார்கள். 2022-ல் தலைமைச் செயலாளரே, பட்டியல் சாதித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யும்படி கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

அப்படியென்றால், பார்க்கலாமா கூடாதா?

அடையாளத்தை இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒன்று, வாசலில் போடும் பூட்டாக: "இவர் இன்ன சாதி, இவர் பொம்பளை, அதனால் வேண்டாம்." இன்னொன்று, ஒரு தகவலாக: "இவர் வாழ்ந்த வாழ்க்கை, இந்த ஊரில் இதுவரை யாரும் பேசாத எதையாவது பேச வைக்குமா?" முதலாவது, ஆளைப் பார்ப்பதற்கு முன்பே முடிவெடுத்துவிடுகிறது. இரண்டாவது, ஆளை இன்னும் நன்றாகப் பார்க்க வைக்கிறது. ஆனால் தகவல் என்பது ஒரு பகுதிதான். மிச்சத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த தேர்தலுக்கு ஊருக்குப் போகும்போது இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

- கிராம சபைக் கூட்டத்துக்கு இவர் வந்திருக்கிறாரா? வந்து பேசியிருக்கிறாரா?
- ஜெயித்தால் செக்கில் கையெழுத்துப் போடப்போவது இவரா, இவர் பின்னால் நிற்பவரா?
- உங்கள் தெருவைத் தவிர மற்றத் தெருக்களுக்கு என்ன செய்வதாகச் சொல்கிறார்?
- இதே பேச்சை, இதே வாக்குறுதியை உங்கள் சாதிக்காரர், அல்லது ஒரு ஆண், சொல்லியிருந்தால் நம்பியிருப்பீர்களா?
- இவர் தோற்க வேண்டும் என்று ஊரில் யார் நினைக்கிறார்கள்? ஏன்?

நான்காவது கேள்விக்கு வெளியே பதில் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுச்சாவடித் தடுப்புக்குப் பின்னால் நிற்கும்போது உங்களுக்குள் சொல்லிக்கொண்டால் போதும்.

மேலவளவில் "விடுதலைக் களம்" என்ற நினைவிடம் இருக்கிறது. ஒவ்வொரு ஜூன் 30-ம் தேதியும் அங்கே அஞ்சலி செலுத்தக் கூடுகிறார்கள். ஒரு இளஞ்சிவப்புச் சீட்டுக்காக அந்தத் தாலுகாவில் உயிர் போயிருக்கிறது. அந்தச் சீட்டு கைக்கு வரும்போது ஐந்து நிமிஷம் யோசிப்பது பெரிய செலவில்லை.