வளரும் எலும்பும் ஹார்மோன் சிகிச்சையும்



தங்களைத் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ உணரும் வளரிளம் பிள்ளைகளைக் குறித்துப் பேசும் பெற்றோர், ஹார்மோன் சிகிச்சை என்றதும் முகத்தையும் குரலையுமே கேட்கிறார்கள். எலும்பைப் பற்றிக் கேட்பவர் அரிது. போதகர்களாகிய எங்களுக்கு எலும்போடு என்ன வேலை என்பீர்கள்; மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையே எழுதுகிறோம்.

ஈஸ்ட்ரோஜன் பெண்களுக்கு மட்டும் உரியதன்று. ஆண் உடலிலும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறியே எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டை மூடுகிறது, எலும்பையும் உறுதியாக்குகிறது. 1994-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு வாலிபரைப் பற்றி எழுதினார்கள். அவர் உடலில் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யவில்லை. 28 வயதிலும் வளர்ந்துகொண்டே இருந்தார். உயரம் 204 சென்டிமீட்டர்! எலும்போ மெலிந்திருந்தது.

ஆகவே பருவமடைதலை நிறுத்திவைக்கும் ஊசி போட்டால், அந்த வயதில் எலும்பில் சேரவேண்டிய சுண்ணாம்புச் சத்து குறைகிறது. பின்பு ஹார்மோன் கொடுக்கும்போது மீண்டும் சேருகிறது. நெதர்லாந்தில் பல ஆண்டுகள் கவனித்ததில் திருநம்பியருக்கு இக்குறை ஈடானது. திருநங்கையருக்கு முதுகெலும்பில் மட்டும் ஈடாகவில்லை. இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை 2024-ல் பிள்ளைகளுக்கு இதற்காக அவ்வூசியை வழக்கமாகத் தருவதை நிறுத்தியது.

நம் நாட்டில் கவலை வேறு. இளவயதிலேயே விரை நீக்கிக்கொண்டு, பின்பு ஹார்மோன் எடுக்காமல் விடுவோர் உண்டு. அவர்கள் உடலில் இரண்டு ஹார்மோன்களும் போதிய அளவு இல்லாததால் எலும்பு மெலிந்துகொண்டே போகும். சிலர் கடையில் கருத்தடை மாத்திரை வாங்கித் தாமாகவே விழுங்குகிறார்கள். அதனால் இரத்தம் உறையும் அபாயமும் உண்டு.

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் சபையில் இப்படிப்பட்ட பிள்ளையின் பெற்றோர் இருந்தால், எலும்பின் அடர்த்தியை அளந்தாயிற்றா, வைட்டமின் டி போதுமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.